பேசாத குழந்தையின் பார்வையை அளப்பது: கண் அசைவுப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்காகவும், ஐ டிராக்கரை (கண் எங்கே பார்க்கிறது என்று பதிவுசெய்யும் கருவி) முதன்முதலாகக் கையாளும் ஆப்டோமெட்ரி மாணவர்களுக்காகவும் எழுதிய பக்கம் இது. திரை, தூரம், கணக்கு பற்றி வரும் இடங்களைப் பெற்றோரும் படித்துவைத்தால் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளலாம்.

எழுத்தே தெரியாத குழந்தைக்குப் பார்வை எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வெறும் சாம்பல் நிறப் பரப்பையும், கருப்பு வெள்ளைக் கோடு போட்ட கட்டத்தையும் அருகருகே காட்டினால் குழந்தையின் கண் கோட்டுப் பக்கம்தான் போகும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறந்த சில நாளிலேயே இந்த நாட்டம் இருக்கிறது. கோடுகளை மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கருப்பும் வெள்ளையும் குழந்தையின் கண்ணுக்குக் கலந்து அதுவும் சாம்பலாகிவிடும். அதன்பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது என்பது தற்செயல்தான். எவ்வளவு நெருக்கமான கோடு வரை கண் தொடர்ந்து சரியான பக்கம் போனதோ, அதையே பார்வைக் கூர்மை என்று குறிக்கிறோம்.

இந்த வழியைத் திறந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ். 1950களின் பிற்பகுதியில், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே இரண்டு படங்களை வைத்து, நடுவிலிருந்த துளை வழியாகக் கண்ணைப் பார்த்தார். எந்தப் படத்தின் பிரதிபலிப்பு பாவைக்கு (கண்ணின் நடுவே உள்ள கருந்துளை) நேராக விழுகிறதோ, அந்தப் படத்தைக் குழந்தை பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டார். இன்றைய கருவியும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது.

1974-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிடா டெல்லரும் அவருடைய குழுவினரும் இதில் ஒரு கண்டிப்பைச் சேர்த்தார்கள். கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சோதிப்பவருக்கே தெரியக்கூடாது. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து ‘இடம்’ அல்லது ‘வலம்’ என்று அவர் சொல்லியாக வேண்டும். விடை தெரிந்தவர் பார்த்தால், குழந்தை சும்மா திரும்பியதும் அவர் கண்ணுக்கு ‘பார்த்துவிட்டது’ ஆகிவிடும். கண்டிப்பு அதற்காகத்தான்.

டெல்லர் அட்டை என்கிறார்களே, அது எப்படி இருக்கும்?

நீள்சதுரமான சாம்பல் அட்டை. முதலில் வெளிவந்தவை 25.5 செ.மீ. உயரம், 51 செ.மீ. அகலம். ஒரு பாதியில் 12.5 செ.மீ. சதுரத்தில் கோடுகள். நடுவில் 4 மி.மீ. துளை, அதன் வழியாகத்தான் சோதிப்பவர் பார்ப்பார். ஒரு செ.மீ.க்கு 0.32 ஜோடிக் கோடுகள் தொடங்கி 38 ஜோடி வரை படிப்படியாக அட்டைகள் உண்டு. ஒரு கருப்பு, ஒரு வெள்ளை சேர்ந்தால் ஒரு ஜோடி. தூரமும் வயதுக்குத் தக்கபடி மாறும்: ஆறு மாதம் வரை 38 செ.மீ., ஏழு மாதத்திலிருந்து மூன்று வயது வரை 55 செ.மீ., அதற்கு மேல் 84 செ.மீ.

பின்லாந்துக் கண் மருத்துவர் லேயா ஹூவாரினென் உருவாக்கிய கைப்பிடி வைத்த வட்ட மட்டைகளும் உண்டு. எளிதாக எடுத்துச் செல்லலாம்.

அட்டையே இருக்கும்போது கருவி எதற்கு?

தேர்ந்த கை இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அட்டையே போதும். இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. கருவி கைகொடுப்பது வேறு இடங்களில். தலையைத் திருப்ப முடியாத குழந்தை, கழுத்து நிற்காத குழந்தை, மூளை பாதிப்பால் மிகத் தாமதமாகக் கண்ணைத் திருப்பும் குழந்தை: இவர்களிடம் அரை வினாடி மட்டும் நிகழும் சின்னஞ்சிறு அசைவைத் துளை வழியாகப் பிடிப்பது கடினம். கருவி ஒரு வினாடிக்கு 60 முதல் 120 தடவை, சில மாதிரிகளில் அதைவிடவும் அதிகமாக, கண் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பார்த்ததா என்பதோடு, எத்தனை நேரம் கழித்துப் பார்த்தது, எவ்வளவு நேரம் அங்கேயே நின்றது என்பதும் பதிவாகிவிடும். மூன்று மாதம் கழித்து வேறொருவர் சோதித்தாலும் அதே அளவுகோல்தான்.

ஸ்பெயினின் ஸராகோஸாவில் உருவான ‘டைவ்’ என்ற கருவி இந்த வகையைச் சேர்ந்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் பக்கவாட்டுப் பார்வையை அளக்க அரைக்கோள வடிவக் கருவி ஒன்றைச் செய்தார்கள். குழந்தை அதற்குள் மல்லாந்து படுத்திருக்கும், உள்சுவரில் எல்.இ.டி. விளக்குகள் ஒவ்வொரு பக்கமாக எரியும், கண் எந்தப் பக்கம் எப்போது திரும்பியது என்பதை அகச்சிவப்புக் கேமரா பிடிக்கும்.

கருவி கண்ணை எப்படிப் பின்தொடர்கிறது? அந்த ஒளி கண்ணைக் கெடுக்காதா?

திரைக்குக் கீழே உள்ள பட்டையிலிருந்து அகச்சிவப்பு ஒளி வருகிறது. பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளம், வெறும் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. அந்த ஒளி கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலத்தில், சின்னப் புள்ளியாக மின்னும். கண் திரும்பும்போது பாவை நகர்கிறது, மின்னும் புள்ளி அவ்வளவாக நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையிலான இடைவெளியிலிருந்து பார்வையின் திசை கணக்காகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்த விளக்குகள் ஐ.இ.சி. 62471 என்ற ஒளிப் பாதுகாப்புத் தரத்துக்குள் இருக்க வேண்டும். தரச் சான்று உள்ள கருவியைக் குறித்த தூரத்தில் வைத்துச் சோதித்தால் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணைத் தொடுவதில்லை, சொட்டு மருந்தும் இல்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, தெளிவாக முழித்திருக்கும் நேரத்துக்கு அப்பாயிண்ட்மென்ட் வாங்குங்கள். இந்தப் பரிசோதனையில் பாதி வெற்றி அதில் இருக்கிறது. பால் குடித்ததும் கண் சொக்கும் குழந்தையாக இருந்தால் அரை மணி நேரம் தள்ளி வாருங்கள்.

அன்று கண்ணுக்கு மை வேண்டாம். கருவி தேடுவது ஒரு கருவட்டத்தை. இமையோரம் ஈஷியிருக்கும் மையைப் பாவையின் விளிம்பாக அது எடுத்துக்கொள்ளக்கூடும், எண்ணெய்ப் பசை மினுக்கம் கார்னியாவின் புள்ளியோடு போட்டி போடும். முதல்நாள் வைத்த மையின் மிச்சம் இருந்தால் ஈரப் பஞ்சால் மென்மையாகத் துடைத்துவிடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும், அது கண்ணை விட்டுத் தள்ளித்தானே இருக்கிறது.

மடியில் வைத்துக்கொள்ளும் அம்மாவோ பாட்டியோ கண்ணாடி வளையல், பளபளக்கும் தோடு, மூக்குத்தி இவற்றைச் சற்று நேரம் கழற்றி வைப்பது நல்லது. சத்தம் குழந்தையைத் திருப்பும், பளபளப்பு கருவியைக் குழப்பும். குழந்தைக்கு ஏற்கெனவே கண்ணாடி இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்?

மங்கலான, ஒரே சீரான வெளிச்சம். ஜன்னல் வெயில் நேராக உள்ளே வந்தால் திரைச்சீலை போட்டுவிடுவார்கள், ஏனென்றால் வெயிலில் அகச்சிவப்பு நிறைய. பழைய குண்டு பல்பும் அப்படித்தான். குழந்தையின் கண் திரையிலிருந்து 60 முதல் 65 செ.மீ. தூரத்தில், கருவிக்கு நேராக இருக்கும்படி உட்காரவைப்பார்கள்.

முதல் வேலை அளவு பொருத்துவது. திரையின் ஐந்து இடங்களில், கைக்குழந்தையாக இருந்தால் சில சமயம் இரண்டே இடங்களில், கிலுகிலுப்பை போன்ற ஒரு படம் சத்தத்தோடு துள்ளிவிட்டுச் சுருங்கிப் புள்ளியாகும். அது சுருங்கும் நேரத்தில் கண் அதன் மேல் இருந்தால்தான் அந்த இடம் கணக்கில் சேரும். விட்டுப்போன இடத்தைத் திரும்ப எடுப்பார்கள். இதைத் தவிர்க்க முடியாது. கண்ணின் வடிவ அச்சுக்கும் உண்மையான பார்வை அச்சுக்கும் இடையிலுள்ள கோணம் கைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட அதிகம், குழந்தைக்குக் குழந்தை மாறவும் செய்யும். பொருத்தாமல் விட்டால் குழந்தை பொம்மையைப் பார்க்கும்போது கருவி அதன் பக்கத்துச் சுவரைக் காட்டும்.

பிறகு பரிசோதனை. நடுவில் ஒரு படம் வந்து கண்ணை இழுக்கும். கண் அங்கே நின்றதும் படம் மறைந்து, இடப்புறமோ வலப்புறமோ கோட்டுக் கட்டம் வரும். மூன்று நான்கு வினாடி. சரியான பக்கம் பார்த்தால் பரிசாக ஒரு சின்ன அசைபடம், அடுத்தது இன்னும் நெருக்கமான கோடு. நான்கைந்து முறைக்கு ஒருமுறை மிகத் தடித்த கோட்டை நடுவில் நுழைப்பார்கள். அதையும் பார்க்கவில்லை என்றால் குழந்தைக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு முன் வந்த தவறுகளையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கண்ணும் சேர்த்து முதலில், பிறகு ஒவ்வொரு கண்ணாக. கண்ணை மூட ஒட்டும் பட்டைதான் சரி. கையால் மூடினால் விரலிடுக்கு வழியாகப் பார்த்துவிடும்.

மடியில் வைத்திருக்கும் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திரையைப் பார்க்காதீர்கள். நீங்கள் இடப்பக்கம் பார்த்தால் உங்கள் தொடையும் மார்பும் உங்களை அறியாமலே அந்தப் பக்கம் லேசாகச் சாயும், குழந்தையும் சாயும். இன்னொரு சிக்கல், கருவி குழந்தையின் கண்ணை விட்டு உங்கள் கண்ணைப் பிடித்துக்கொள்வது. அதனால்தான் சில இடங்களில் உங்களுக்குக் கருப்புக் கண்ணாடி கொடுப்பார்கள், அல்லது பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்ளச் சொல்வார்கள். “அங்க பாரு கண்ணு” என்று சொல்லவே கூடாது. குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்பவும் கூடாது.

பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை. பார்வை இல்லை என்று அர்த்தமா?

இல்லை. பார்த்தது என்றால் தெரிகிறது என்று சொல்லலாம். பார்க்கவில்லை என்பதிலிருந்து தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. தூக்கம், பசி, சளி, புது இடம், அலுப்பு, கருவி கண்ணைத் தவறவிட்டது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். பெற்றோர் இந்த அறையை விட்டு அழுதுகொண்டே வெளியே போகக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறோம். ஒரே ஒரு சிட்டிங்கில் வந்த மோசமான எண்ணை வைத்து முடிவு சொல்பவரிடம், வேறொரு நாள் திரும்பச் சோதிக்கும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சோதிப்பவரும் ஒன்றைச் செய்தாக வேண்டும். ரிப்போர்ட்டில் எண்ணோடு எத்தனை முறை காட்டப்பட்டது, அதில் எத்தனை முறை கருவிக்குக் கண் கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். இருபது முறை காட்டி எட்டு முறைதான் கண் கிடைத்தது என்றால் அது அளவே அல்ல.

ரிப்போர்ட்டில் ‘டிகிரிக்கு 5.6’ என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்த அகலத்துக்குள் எத்தனை ஜோடிக் கோடுகளைக் குழந்தை பிரித்தறிகிறது என்பதே இந்த எண். இரண்டு கண்ணும் சேர்ந்த நிலையில் இல்லாமல் ஒரு கண்ணுக்கு, ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஒரு மாதத்தில் 1, நான்கு மாதத்தில் 2.5 முதல் 3, ஆறு மாதத்தில் 5 முதல் 6, ஒரு வயதில் 6 முதல் 7, இரண்டு வயதில் 9 முதல் 10, மூன்று வயதில் 20-ஐ ஒட்டி. ஆக, ஆறு மாதக் குழந்தைக்கு 5.6 என்பது வயதுக்கேற்ற பார்வை. அதே எண் மூன்று வயதில் வந்தால் கவலைப்பட வேண்டியது. ஒவ்வொரு வயதிலும் இயல்பின் வீச்சு பெரியது, பாதி அளவு இருந்தாலும் இயல்புக்குள் வரலாம்.

பெரியவர்களின் இயல்பான பார்வையான 6/6 என்பது டிகிரிக்கு 30 ஜோடி. அந்தக் கணக்கில் 6 என்பது 6/30, 3 என்பது 6/60. கணக்குக்கு இது சரி, ஆனால் கோட்டைப் பிரித்தறிவதும் எழுத்தை அடையாளம் காண்பதும் வெவ்வேறு வேலைகள். ‘உங்கள் குழந்தைக்கு 6/30’ என்று யாராவது சொன்னால் அதைப் பள்ளிக்கூடத்து எழுத்துப் பலகையின் 6/30 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொத்த எண்ணைவிட நாங்கள் உற்றுப் பார்ப்பது இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒரு கண் 6, மறு கண் 3 என்று இரண்டு சோதனையிலும் வந்தால், இரண்டும் தனித்தனியாக இயல்புக்குள் இருந்தாலும் விடக்கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு?

திருத்திய வயதைப் பாருங்கள். 32 வாரத்தில் பிறந்தது என்றால் 8 வாரம் முன்னால் பிறந்திருக்கிறது. பிறந்து ஐந்து மாதம் ஆன அந்தக் குழந்தையை மூன்று மாதக் குழந்தையின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் ஆர்.ஓ.பி. எனப்படும் குறைமாத விழித்திரை நோய்க்கான பரிசோதனையை இதோடு குழப்பக் கூடாது. அதற்குத் திருத்திய வயது கிடையாது. இந்திய வழிகாட்டுதலின்படி 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரை பார்க்கப்பட வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்திருந்தாலோ எடை 1200 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே. கண் அசைவுப் பரிசோதனை எந்த வகையிலும் அதற்கு மாற்று அல்ல.

இந்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

பெருமளவு. ஆனால் இது தவறவிடும் விஷயங்கள் உண்டு. மாறுகண்ணால் வரும் சோம்பேறிக் கண்ணில் (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண்) கோட்டுப் பார்வை ஓரளவு நன்றாகவே வரும், எழுத்துப் பார்வைதான் அடிவாங்கும். அங்கே இந்த எண் உள்ளதைவிட நன்றாகக் காட்டும். கிட்டப்பார்வையும் நழுவிவிடும்: 60 செ.மீ. தூரத்தில் மைனஸ் 1.5 பவர் உள்ள கண்ணுக்கும் கோடு தெளிவாகத் தெரியும். ஆகவே சொட்டு மருந்து விட்டு ரெட்டினோஸ்கோப்பால் பவர் பார்ப்பதும், விழித்திரையைப் பார்ப்பதும் தனியாக நடந்தே ஆக வேண்டும். வரிசை முக்கியம், முதலில் கண் அசைவு, பிறகு சொட்டு. மாறிவிட்டால் பக்கத்தில் குவிக்கும் சக்தி கொஞ்ச நேரத்துக்கு நின்றுபோய் கோடுகள் மங்கலாகிவிடும்.

மாறுகண்ணும், கண் ஆடிக்கொண்டே இருப்பதும் இருந்தால் சோதிக்க முடியுமா?

முடியும். மாறுகண்ணில் கருவியின் வழக்கமான அமைப்பை மாற்ற வேண்டும், ஏனென்றால் பல கருவிகள் இரண்டு கண்ணின் சராசரியைத் தருகின்றன. ஒரு கண் பொம்மையையும் மறு கண் மூக்கையும் பார்த்தால் சராசரி இரண்டுக்கும் நடுவே வெற்றிடத்தில் விழும். ஒற்றைக் கண் பதிவுக்கு மாற்றுங்கள்.

கண் இடவலமாக ஆடினால் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, விடையை மேல் கீழ் ஆக்கிவிட வேண்டும். ஆட்டத்தின் திசையும் விடையின் திசையும் ஒன்றாக இருந்தால் எதையும் பிரிக்க முடியாது. கோடுகளும் படுக்கைவாக்கில் வந்துவிடுவதால் ஆட்டத்தில் குழம்புவது குறையும். சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணை மூடியதும்தான் ஆட்டமே தொடங்கும், இரண்டு கண்ணும் திறந்த அளவை விட்டுவிடாதீர்கள்.

கோடு போட்ட உருளையைச் சுற்றிக் காட்டுவதும் இதுதானா?

உறவுக்காரச் சோதனை. கோடுகள் நகரும்போது கண் தானாகவே தொடர்ந்து போய்ச் சட்டென்று திரும்பும். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைக் கவனித்தால் தெரியும். கண்ணிலிருந்து தகவல் போகிறதா என்று அறிய நல்ல வழி, கூர்மையை அளக்க அவ்வளவு நம்பகம் இல்லை. ஒரு கண்ணை மூடிச் சோதித்தால் முதல் சில மாதங்களில் காதுப்பக்கமிருந்து மூக்குப்பக்கம் நகரும் கோட்டைத்தான் கண் நன்றாகத் தொடரும், எதிர்த்திசையில் தடுமாறும். அந்த வயதில் அது இயல்பு.

மாணவர்களுக்கு: திரையில் கோடு போடும்போது அதிகம் நடக்கும் தவறு எது?

சாம்பல் நிறம். திரையில் 0 முதல் 255 வரையிலான அளவில் நடு எண் 128 என்பதால் அதையே பின்னணியாக வைத்துவிடுகிறார்கள். காமா (எண்ணுக்கு ஏற்ப வெளிச்சம் எப்படிக் கூடுகிறது என்பதன் அளவு) 2.2 உள்ள திரையில் 128 என்பது முழு வெளிச்சத்தில் 22 சதவீதம் மட்டுமே. கருப்பும் வெள்ளையும் பாதிப்பாதியாக உள்ள கட்டத்தின் சராசரி வெளிச்சமோ 50 சதவீதம், அதற்குச் சமமான சாம்பல் ஏறக்குறைய 186. இந்த வித்தியாசத்தால் கோடே தெரியாத குழந்தைக்கும் கட்டம் பிரகாசமான சதுரமாகத் தெரியும், அதைப் பார்க்கும், ‘அருமையான பார்வை’ என்று ரிப்போர்ட் வரும். பார்வை குறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடும் தவறு இது. 186 என்ற எண்ணையும் நம்பி உட்காராமல் ஒளிமானியால் உங்கள் திரையை அளந்து சரிசெய்யுங்கள். கைவசம் எளிய சோதனை ஒன்று இருக்கிறது: கோடுகள் கலந்துபோகும் தூரத்துக்குப் பின்வாங்கி நின்று பாருங்கள். சதுரத்தின் விளிம்பு அப்போதும் தெரிந்தால் சாம்பல் பொருந்தவில்லை.

அடுத்தது திரையின் எல்லை. 24 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு பிக்சல் 0.277 மி.மீ. ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல், ஆக 60 செ.மீ. தூரத்தில் டிகிரிக்கு 19 ஜோடிக்கு மேல் அந்தத் திரையால் காட்டவே முடியாது. ஒரு வயது வரை கவலையில்லை. மூன்று வயதுக் குழந்தையை அதில் சோதித்தால் நீங்கள் அளப்பது திரையின் கூர்மையை.

தூரம் மூன்றாவது. 60 செ.மீ.க்குக் கணக்கிட்ட 6 ஜோடி, குழந்தை முன்னால் சாய்ந்து 50 செ.மீ.க்கு வந்ததும் 5 ஆகிவிடும். கருவி ஒவ்வொரு பதிவிலும் கண்ணின் தூரத்தைத் தருகிறது, அதைக்கொண்டு திருத்துங்கள்.

நடுப் படம் போகாமல் கோடு வந்தால் என்ன?

ஒன்று முதல் மூன்று மாதக் குழந்தைக்கு ஒன்றில் ஒட்டிய கண்ணைப் பிடுங்கி எடுப்பது கஷ்டம். நடுவில் படம் இருக்கும்வரை பக்கத்தில் எது வந்தாலும் அதையே வெறித்துக்கொண்டிருக்கும். படத்தை முழுக்க அணைத்த பிறகே கோட்டைக் காட்டுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். பெரியவரின் கண் 0.2 வினாடியில் கிளம்பிவிடும், இந்த வயதில் அரை வினாடிக்கு மேலும் ஆகலாம், அதுவும் ஒரே தாவலில் போகாமல் இரண்டு மூன்று சின்னத் தாவலாகப் போகும். மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இன்னும் பல வினாடி கொடுக்க வேண்டிவரும்.

இந்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே போக வேண்டியது எப்போது?

பாவை வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் வந்தால், அன்றே. பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் உள்ள பிறவிக் கண்புரைக்குப் பிறந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அறுவை நடப்பதுதான் நல்லது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்காமல் நீர் வடித்து, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ இருந்தாலும் தாமதிக்காதீர்கள், கண் அழுத்த நோயாக இருக்கலாம். மூன்று மாதமாகியும் முகம் பார்க்கவில்லை, நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கண் எப்போதும் விலகியே இருக்கிறது, கண்கள் குறியில்லாமல் அலைகின்றன, குழந்தை கண்ணைக் கையால் அடிக்கடி அழுத்துகிறது, மேலிமை பாவையை மறைக்கிறது என்றாலும் அந்த வாரத்துக்குள் குழந்தைகள் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது செல்போனில் எடுத்த அந்தப் போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் குழந்தை அழுதுகொண்டே கண்ணை மூடிக்கொண்டிருக்கும், அப்போது அந்தப் படம் உதவும்.